ஆணை எண் 114

மாகாணத் தலைநகர்
1987 நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

நலம். குளிர்காலத்துக்குள் நல்லபடியாக இறங்கிவிட்டாயா? ஆடுகள் உடம்பில் கொழுப்போடு இருக்கின்றனவா? உன் முழங்கால் எப்படி?

அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். சுகாதாரப் பிரிவு, இரண்டாம் மாடி. மேசைக்குப் பக்கத்தில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. சட்டைக் கையை மடித்துவிட்டு எழுதுகிறேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அதைப் பார்த்துக்கொண்டே பாதி நாள் போய்விடுகிறது.

பல்கலைக்கழகத்தில் படித்த எதுவும் இங்கே தேவைப்படவில்லை. தெளிவாக எழுதுகிறேன் என்கிறார்கள். அதனால் எழுத வைக்கிறார்கள்.

உன் போன கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் நோயாளியைப் பார்க்க மேற்கு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது இமைகள் ஒட்டிக்கொண்டன, உள்ளங்கையை வைத்துக் கண்ணை உருக்கினேன் என்று எழுதியிருந்தாய். வேடிக்கைபோல எழுதியிருந்தாய். வண்டியை நிறுத்திவிட்டு உருக்கினாயா, ஓட்டிக்கொண்டேவா? அதை எழுதவில்லை.

குளிர்காலம் சம்பந்தமாக ஒரு வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. இப்போது சொல்ல முடியாது. உனக்கு நல்லது நடக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
யோந்தோன்


போர் ஹுஜிர் பிரிவு
முதல் ஒன்பதின் மூன்றாம் நாள்
(உன் காலண்டரில் டிசம்பர் 24. குளிரை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவதைப் பட்டணம் மறந்திருக்கும்.)

தம்பிக்கு,

குளிர்காலம் சுகமாகக் கழிகிறது. ஆடு சுகம், நாய் சுகம், முழங்கால் சுகம். கோபம் மட்டும் அடங்கவில்லை.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஆணை எண் 114. நவம்பர் தொடங்கி மார்ச் முடிய நோயாளி எவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லக் கூடாது. மீறினால் என்னைப்போன்ற மருத்துவ உதவியாளரின் உரிமம் பறிக்கப்படும், வண்டிக்கு முத்திரை வைக்கப்படும். நோயாளிக்கு வட்ட மருத்துவமனையின் ஜீப் அனுப்பப்படும்.

அனுப்பப்படுமாம்! தாளை எடுத்துக்கொண்டு வட்டத் தலையூருக்கே போனேன். தலைமை மருத்துவர் முட்டைக்கோசுச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரே, ஜீப் எங்க?"

"இருக்கு. ஓடுற நெலமையிலதான் இருக்கு."

"ஓடுற நெலமையில இருந்தா ஏன் ஓடல?"

"ஹாண்ட்மா, ஆணைய நான் எழுதல. மேலேர்ந்து வந்தது. உன் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பாங்க. இந்தக் குளிர்ல ஒரு பொம்பள வண்டி ஓட்ட வேணாமேன்னு."

"என் நல்லதுக்கா? என்னைய யாரு கேட்டா?"

"உக்காரு, சூப் குடி."

குடித்தேன். சூப்பின் மேல் எனக்கென்ன கோபம்.

ஒன்று சொல்கிறேன், உன் அலுவலகத்தில் படித்துக் காட்டு. என் பிரிவில் நூற்றிருபது கூடாரம், கூடாரத்துக்கு ஒரு குடும்பம். கடைசிக் கூடாரம் அறுபது கிலோமீட்டர். ராத்திரி பேட்டரியைக் கழற்றி என் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறேன். காலையில் ஒரு தட்டு நிறையச் சாணித் தணலை எஞ்சினுக்கு அடியில் தள்ளி, மேலே கம்பளியைப் போர்த்தி, எண்ணெய் இளகும்வரை இரண்டு கிண்ணம் தேநீர் குடிக்கிறேன். பிறகு உதைக்கிறேன். முப்பது உதை, நாற்பது உதை. டயர் மரக்கட்டைபோல இருக்கும். முதல் ஒரு கிலோமீட்டர் கட்டிலில் உட்கார்ந்து படியிறங்குவதுபோலப் போகும். இதெல்லாம் எனக்கு ஆசை என்று அந்தத் தாளை எழுதியவன் நினைக்கிறானா?

நீ அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாய். இதை எழுதியவன் யார் என்று கண்டுபிடி. பெயர் வேண்டாம், முகம் எப்படி இருக்கும் என்று எழுது. குளிர்காற்றில் கன்னம் உரிந்திருக்கிறதா, மழமழவென்று இருக்கிறதா, அது போதும்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா
ஹாண்ட்மா


மாகாணத் தலைநகர்
1988 ஜனவரி 5

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் டிசம்பர் முப்பதாம் தேதியே வந்தது. ஆண்டிறுதி வேலை. அதனால் தாமதம்.

நலமா? இரண்டாம் ஒன்பது என்று நினைக்கிறேன். மறக்கவில்லை.

நீ கேட்டது. ஓர் ஆணையை ஒருவர் எழுதுவதில்லை. ஒருவர் குறிப்பு எடுப்பார், ஒருவர் திருத்துவார், ஒருவர் கையெழுத்திடுவார். கடைசியில் அது யாருடைய வாக்கியமும் இல்லை.

போன குளிர்காலம் பக்கத்து மாகாணத்தில் இரண்டு உதவியாளர்கள் வண்டியோடு உறைந்து கிடந்தார்கள். உனக்கும் தெரியும். அந்த ஆணையை எழுதும்போது யாரோ ஒருவர் ஏதோ ஒரு முகத்தை நினைத்திருக்கலாம். அப்படியும் யோசித்துப் பார்.

ஆட்டுத்தோல் கையுறை அனுப்பியிருக்கிறேன். முழங்கைவரை வரும்.

யோந்தோன்


போர் ஹுஜிர்
நான்காம் ஒன்பதின் இரண்டாம் நாள் (ஜனவரி 19)

தம்பிக்கு,

சுகம். ஆடுகள் மெலிகின்றன, ஆனால் நிற்கின்றன. கையுறை வந்தது. போட்டுக்கொண்டு ஓட்ட வண்டி இல்லை. வண்டியை முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மூன்றாம் ஒன்பதின் நான்காம் நாள். சான்ஜாவின் மனைவி டோல்கோருக்கு வலி. ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. என் கையால் திருப்ப முடியவில்லை. கத்தி வைக்க மருத்துவமனை வேண்டும்.

கூட்டுறவு முகாமின் ரேடியோவில் கூப்பிட்டேன். "ஜீப் கெளம்பிடுச்சு" என்றார்கள். பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். "கெளம்பிடுச்சு." ஒரு மணிக்கு ரேடியோவை எடுத்தது சமையல்காரம்மா. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஜீப்பா? அது காலைலயே மல்யுத்தம் பாக்க ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போயிடுச்சே" என்றாள்.

நான்கு மணி நேரம், யோந்தோன்.

டோல்கோரை மோட்டார் சைக்கிளோடு பிணைத்த பக்கத்தொட்டியில் படுக்க வைத்து மூன்று தோல் போர்த்திக் கயிறு கட்டினேன். காற்று பொத்தான் வழியாக நுழையாமலிருக்க அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். முதுகுப் பொத்தான்களைச் சான்ஜாதான் போட்டுவிட்டான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட்டான்.

"டாக்டரக்கா, ஆணை ஒண்ணு வந்திருக்குன்னாங்களே..."

"ஆமா. நீ அது பக்கத்துலயா நிக்கிற, எனக்குப் பின்னாலயா?"

"பொத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் குதிரையில் பின்னால் வந்தான். நாற்பத்தேழு கிலோமீட்டர். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று. ஒரு தடவைகூட எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அங்கேயே மூன்று பேரின் கதை முடிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "டோல்கோர்!" என்று கத்துவேன். அவள் கெட்ட வார்த்தையால் பதில் சொல்வாள். சொல்கிறவரை நிம்மதி. மலைக் கடவுக்கு மேலே ஒரு தடவை சொல்லவில்லை. நான் இறங்கி அவள் கன்னத்தில் அறைந்தேன். அப்புறம் சொன்னாள், என் அம்மாவையும் சேர்த்து.

குழந்தை ஆண். உயிரோடு இருக்கிறான். டோல்கோரும் பிழைத்தாள். வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது.

அதுதான் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆணை மீறல், நோயாளிக்கு உறைகாயம். மறுநாளே கொட்டகைக் கதவில் காகிதம் ஒட்டி அரக்கு வைத்தார்கள். பிப்ரவரி இருபதாம் தேதி விசாரணைக் குழு. உரிமம் போனால் நான் ஆடு மேய்ப்பேன், அது ஒன்றுமில்லை. இந்த நூற்றிருபது கூடாரத்துக்கு வசந்தம்வரை யார்?

எழுதியவன் முகத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

ஹாண்ட்மா


மாகாணத் தலைநகர்
ஜனவரி 30

அக்கா,

எட்டு நாளாக ஒரே கடிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நலமாக இருக்கிறாய்தானே.

அந்தத் தலைமை மருத்துவரைச் சும்மா விடாதே. மல்யுத்தம் பார்க்க ஜீப். இதைக் குழுவில் சொல். தேதி, மணி, சமையல்காரம்மாவின் பெயர் எல்லாம் எழுதிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஜீப் வந்திருக்குமோ? ஆணையைக் காட்டி அவர்களை வரவைத்திருக்க முடியாதா? அந்த ஆணை ஜீப்பை வரவைப்பதற்காகவும்தான்.

யோந்தோன்


போர் ஹுஜிர்
ஆறாம் ஒன்பதின் இரண்டாம் நாள் (பிப்ரவரி 6)

யோந்தோன்,

சுகமாகக் குளிர் கழிகிறது என்று வழக்கம்போல எழுதிவிட்டேன், படித்துக்கொள்.

காத்திருந்தால் வந்திருக்குமோ என்று நீயும் கேட்கிறாய். மருத்துவமனையில் கேட்டார்கள், வட்டத் தலைவர் கேட்டார், கூட்டுறவுக் கணக்கர்கூடக் கேட்டார். நீ இந்தக் கூடாரத்தில் பிறந்தவன். குறுக்கே கிடக்கும் குழந்தை எத்தனை மணி நேரம் காத்திருக்கும் என்று உனக்கு எந்தக் குழாய்க்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

என்னிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதை ஒருவரும் கேட்கவில்லை. டோல்கோரின் காலடியில் அடுப்பில் சுட்ட கற்களைக் கம்பளியில் சுற்றி வைத்தேன். அந்தக் கம்பளி ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்தது, இழைக்குள் பனி பிடித்திருந்தது. உதறாமல் சுற்றினேன். கல்லின் சூட்டில் பனி உருகியது, காலுறை நனைந்தது, கல் ஆறியதும் உறைந்தது. இரண்டு விரலும் என்னால்தான் போனது. முதல் குளிர்காலம் வண்டி ஏறுகிறவன்கூடச் செய்ய மாட்டான். இதற்காக என் உரிமத்தைப் பிடுங்கட்டும், தலை குனிந்து கொடுப்பேன். ஆனால் அவர்கள் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. தாளைப் பற்றிக் கேட்கிறார்கள். தாளை மீறியதில் ஒரு பிள்ளை பிழைத்தான். அதற்குத் தண்டனையாம்!

இதோடு நிறுத்தத்தான் பேனா எடுத்தேன். முடியவில்லை.

போன திங்கட்கிழமை வடக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வந்தது. பாக்மாவின் மகள் ஸூலாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுக்கிறது என்று. நான்கு வயது. பையில் ஊசிமருந்து இருந்தது. வண்டி கொட்டகையில் இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், வண்டியில் இரண்டு மணி நேரம். குதிரையில் போனேன். பனி அதன் நெஞ்சுவரை. வழியில் ஒரு கூடாரத்தில் குதிரையை மாற்றிக்கொண்டு மறுநாள் நண்பகல் போய்ச் சேர்ந்தேன்.

மேட்டிலிருந்து பார்த்தேன். கூடாரத்திலிருந்து புகை வரவில்லை. அந்தக் குளிரில் புகை வராத கூடாரம். சடலம் கிடக்கும் கூடாரத்தில் அடுப்பு மூட்ட மாட்டார்களே. மேட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குதிரையை விரட்டினேன்.

பாக்மா அழவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் என்னை உட்கார வைத்தாள்.

"வண்டி என்னக்கா ஆச்சு?"

சொன்னேன். ஆணையைப் பற்றிச் சொன்னேன். 

"அத எழுதினவனுக்கு அக்கா தங்கச்சின்னு யாரும் இல்லியா?" என்றாள்.

உனக்குத் தெரிந்தால் எழுது.

ஹாண்ட்மா


மாகாணத் தலைநகர்
பிப்ரவரி 11

அக்கா,

அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள்.

ஆணை எண் 114ஐ எழுதியது நான்.

மேலே எழுதிய வரியை நவம்பரில் எழுதியிருக்க வேண்டும். டிசம்பரில் நீ கேட்டபோதாவது. யாருடைய வாக்கியமும் இல்லை என்று எழுதினேன். பொய். எல்லாமே என் வாக்கியம். கன்னம் மழமழவென்றுதான் இருக்கிறது.

உன் கடிதத்தை, அந்த இமைக் கடிதத்தை, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நீ வண்டி ஏறக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் கையில் ஒரு பேனா கிடைத்தது. பயன்படுத்தினேன்.

வரைவில் ஒரு வரி இருந்தது. "ஜீப் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் இத்தடை பொருந்தாது." எங்கள் பிரிவுத் தலைவர் விரலை அதன்மேல் வைத்தார்.

"இது என்ன தம்பி?"

"விதிவிலக்கு ஐயா."

"ஜீப் வராதுன்னு நாமளே எழுதித் தர்றதா? படிக்கிறவன் ஏன் வராதுன்னு கேப்பான். அப்புறம் அதுக்கு ஒரு ஆணை எழுதணும். எடுத்துடு."

"எடுத்துட்டா, வராத எடத்துல..."

"நல்லா எழுதுற. ரெண்டு வரி கம்மியா எழுதினா இன்னும் நல்லா எழுதுவ."

நான் சிரித்தேன். அக்கா, நான் சிரித்தேன். என் பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன். நேராக, அளவுகோல் வைத்து.

அந்த வரைவு என்னிடம் இருக்கிறது. தலைவரின் சுருக்கொப்பம் ஓரத்தில் இருக்கிறது. அதையும், நான் எழுதினேன் என்ற என் வாக்குமூலத்தையும் விசாரணைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் இன்று அனுப்பிவிட்டேன். நகல் ஒன்றைத் தலைவரின் மேசையிலும் வைத்தேன்.

ஸூலா என்ற பெயரை ஒரு தாளில் எழுதினேன். அதற்குக் கீழே எழுத என்னிடம் எந்த வாக்கியமும் இல்லை.

யோந்தோன்


மாகாணத் தலைநகர்
பிப்ரவரி 27

அக்கா,

பதில் இல்லை. தபால் லாரி இரண்டு தடவை வந்து போயிற்று. கடவு அடைபடவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். ஆகவே நீதான் எழுதவில்லை.

விசாரணை முடிந்து ஒரு வாரம். முடிவு எனக்குத் தெரியாது.

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கோப்பு அறை. "இங்க நீ எழுத வேண்டியதில்ல. தூசி தட்டினாப் போதும்" என்றார் தலைவர். குழாய் இங்கே வரவில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. எதையும் சரிசெய்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

திட்டியாவது எழுது.

யோந்தோன்


போர் ஹுஜிர்
ஒன்பதாம் ஒன்பதின் மூன்றாம் நாள் (மார்ச் 5)

யோந்தோன்,

உடம்பு சுகமா? கீழ்த்தளத்தில் ஈரம் இருக்கும். கால் காயவைத்துக்கொள்.

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன், போடவில்லை. பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பதினாறு நாள் ஆகிவிட்டது. இப்போதும் கோபம் போகவில்லை. போனபிறகு எழுதலாம் என்றால் நீ கிழவனாகிவிடுவாய்.

முடிவைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். உன் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தவர், "அடிச்ச வரிக்குச் சட்டத்துல எடமில்ல" என்றார். உன் தாள் அங்கேயே செத்தது. பிறகு டோல்கோரைக் கூப்பிட்டார்கள், உறைகாயத்தைப் பதிவு செய்ய. அவள் கைக்குழந்தையைச் சான்ஜாவிடம் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கால் பூட்ஸைக் கழற்றினாள். காயத்துக் கட்டை அவிழ்த்தாள். காலைத் தூக்கி மேசைமேல், அவர்கள் மூக்குக்கு நேராக வைத்தாள்.

யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வயதானவர்கள் முன்னால் காலை நீட்டுவதற்கே நாம் கூசுவோம்.

"கால எறக்கும்மா!" என்றார் நடுவில் இருந்தவர்.

"பதிவு பண்ணணும்னீங்க. பண்ணுங்க. எண்ணிக்கோங்க, மூணு இருக்கு."

"இது மரியாதையில்ல."

"கல்லச் சுத்துன கம்பளிய ஒதறாம வெச்சது ஹாண்ட்மா. அதுக்கு அவள நான் திட்டியாச்சு, பத்து நாளு திட்டினேன். அது எனக்கும் அவளுக்கும். ஜீப்பு மல்யுத்தம் பாக்கப் போனது உங்களுக்கும் எனக்கும். அதப் பேசுங்க, கால எறக்குறேன்."

தலைமை மருத்துவர் ஜன்னலைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழு எழுந்து வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தது. டோல்கோர் காலை எடுக்கவில்லை.

கடும் கண்டிப்பு, உரிமம் நீடிக்கும், வண்டி விடுவிப்பு. ஆணை அப்படியே இருக்கிறது. ஜீப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நேற்று ஒரு கிழவரைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்வந்து, "இன்று ஆணை எண் 114ஐ மீறினேன், ஜீப் வரவில்லை" என்று உங்கள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுதிப் போடுவேன். யாராவது உட்கார்ந்து படிக்கட்டும்.

இனி உன் விஷயம்.

வரைவை அனுப்பியது சரி. அதற்காக உன் முதுகைத் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்க்காதே. அடித்த வரியைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. என்னை நினைத்து எழுதினேன் என்கிறாய். என்னை மட்டும் நினைத்து எழுதினாய். நூற்றிருபது கூடாரத்துக்கான தாளை ஒருத்திக்காக எழுதினாய், அந்த ஒருத்தியையும் கேட்காமல். இமை ஒட்டியதை நான் உனக்குச் சிரிக்கத்தான் எழுதினேன். நீ அதை எடுத்து என் வண்டியைப் பூட்டினாய்.

ஆணையை எழுதியது நீ என்று பாக்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

வியாழக்கிழமைத் தபால் லாரியில் வட்டத் தலையூருக்கு வா. நான் வண்டியோடு நிற்பேன். இங்கே இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுவரை இறங்குகிறது. வெயில் வரட்டும் என்று பார்க்காதே. தொட்டியில் உட்கார இடம் கிடையாது, அது நோயாளிக்கு. பின்னால் உட்கார். முகத்தை என் முதுகில் மறைக்காதே, காற்று எப்படி இருக்கிறது என்று பார். போர் ஹுஜிர் வந்து, அங்கிருந்து பாக்மாவின் கூடாரத்துக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.

நாய் குரைக்கும். பாக்மா வெளியே வருவாள். நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பதற்கு முன்னாலேயே தேநீர் ஊற்றுவாள். வந்தவன் எவனானாலும் அவள் ஊற்றித்தான் ஆக வேண்டும். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கு. குடிக்காமலே சொன்னால் அவளுக்குத் தலைகுனிவு. குடித்துவிட்டுச் சொன்னால் உனக்கு.

குடித்துவிட்டுச் சொல்.

அக்கா